எஞ்சிய முக்காற் பங்கு

பல்கலைக்கழக மாணவர் தாமாகப் படிப்பதில்லை என்ற முறைப்பாடு இன்று எங்கும் கேட்கிறது. விரிவுரையாளர் சொல்கின்றனர், பெற்றோர் சொல்கின்றனர், பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்க மனமில்லாத நிறுவனத்தார் எல்லோரினும் உரத்துச் சொல்கின்றனர். நூலகத்தின் இருக்கைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் அலுமாரியிலிருந்து நூல்கள் இறங்குவதில்லை. மேசையிலே விரித்து வைத்திருப்பது சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிய குறிப்பின் நிழற்பிரதி. இம்முறைப்பாட்டிலே உண்மை உண்டு. ஆயின், 'உன் கல்விக்கு நீயே பொறுப்பு' என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது, சொல்பவர் தமது கடமையிலிருந்து கழன்றுகொள்கிறாரா அல்லது கேட்பவரின் கையிலே ஓர் உரிமையைக் கொடுக்கிறாரா என்பதை முதலிற் பார்க்க வேண்டியிருக்கிறது. வாக்கியம் ஒன்றுதான், அது செய்யும் வேலை இரண்டு.

உயர்தர வகுப்பிலே தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், இம்மாணவரை அவர்கள் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கு முன்னரே நான் அறிவேன். சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையிலே, கண்ணகி மதுரையை எரித்தது அறமாகுமா என்று வகுப்பை நோக்கிக் கேட்டால் முதலில் ஓர் அமைதி நிலவும். பின்னர் யாராவது ஒருவர் எழுந்து, "சேர், எந்தப் பக்கம் எழுதினால் கூடப் புள்ளி கிடைக்கும்?" என்று கேட்பார். கேட்பவர் குறும்புக்காரரல்லர், பெரும்பாலும் வகுப்பிலே கெட்டித்தனமுள்ள பிள்ளையே அவ்வாறு கேட்கும். அதிகாலையிலே ரியூசன், பின்னர் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன், இரவிலே கடந்தகால வினாத்தாள் என்று இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழிக்கும் இப்பிள்ளைகளைப் போல உழைப்பவர் இந்நாட்டிலே அதிகமில்லை. ஆகவே, பல்கலைக்கழக மாணவரின் குறை சோம்பல் என்று கூறுவோர் நோயைத் தவறாக அறிந்தவராவர். அளவுக்கு மிஞ்சிப் படித்துப் படித்தே, தமக்கென்று ஒரு கருத்து இருக்கலாம் என்ற நினைவு மழுங்கிப் போனவர்கள் இவர்கள். 'எது உண்மை?' என்ற வினா இருக்க வேண்டிய இடத்திலே 'எது விடை?' என்ற வினா குடியேறிவிட்டது.

இது எவ்வாறு வந்தது? 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதலாவது துணைவேந்தராக விளங்கிய ஐவர் ஜெனிங்ஸ் மனத்திற் கொண்டிருந்தது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மரபு. விடுதியிலே தங்கிப் பயிலும் சிறு தொகையினரான மாணவர். அவர்கள் எழுதிவரும் கட்டுரையை ஆசிரியர் முன்னிலையில் வாசித்து விவாதிக்கும் சிறு வகுப்பு. அவ்வகுப்புக்கு 'ரியூட்டோரியல்' என்று பெயர். பல்கலைக்கழகம் 1952இலே பேராதனைக்குக் குடிபெயர்ந்த காலத்திலும் இக்கனவு உயிரோடிருந்தது. அது ஒரு சிறு மேல்வர்க்கத்துக்கு அமைந்த ஏற்பாடு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. எனினும் அச்சொல்லுக்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. இன்று எமது ஊர்களிலே 'ரியூட்டரி' என்றால், கிடுகாலோ தகரத்தாலோ வேய்ந்த கொட்டகையிலே நூற்றுக்கணக்கானோர் வாங்கில் நெருங்கியிருக்க, ஒருவர் ஒலிவாங்கியிலே விடைகளைச் சொல்ல, எல்லோரும் எழுதிக்கொள்ளும் இடம். மாணவன் பேச ஆசிரியர் கேட்பதற்காக ஏற்பட்ட ஒரு பெயர், ஆசிரியர் பேச மாணவன் எழுதுவதற்குப் பெயராக மாறிவிட்டது!

ஆனாற் குறிப்பு எழுதுதலை இகழ்ந்துவிட்டு அப்பாற் செல்வதற்கில்லை. 1960ஆம் ஆண்டளவிலே கலைப்பீடங்களிற் சுயமொழிப் போதனை தொடங்கியபோது, அது கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்த பெருஞ் செயல். ஆயினும் மொழி மாறிய வேகத்திலே நூல்கள் எழுதப்படவில்லை. பொருளியலுக்கும் சமூகவியலுக்கும் தமிழிலே நூல் இல்லாத மாணவனுக்கு விரிவுரையாளரின் வாய்மொழியே நூலாயிற்று. குறிப்புக் கொப்பியே நூலகமாயிற்று. பின்னர் இருந்த நூலகத்தையும் இழந்தோம். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. தொடர்ந்த போர்க்காலத்திலே மின்சாரமும் கடதாசியும் அற்ற வடபகுதியில், மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் ஒருவர் கொப்பியைப் பார்த்து மற்றொருவர் எழுதிய குறிப்புக்களாலேயே ஒரு தலைமுறை கல்வியைக் காப்பாற்றியது. அக்குறிப்புக்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அவை ஆற்றைக் கடக்க உதவிய தோணி. கரையேறிய பின்னும் தோணியைத் தலையிற் சுமந்து நடப்பதே நம் முன்னுள்ள பிரச்சினை.

ஆகவே, நூலில்லாத துறைக்கு நூல் எழுதுவிக்காத அரசு, நூலகத்துக்குப் பணம் ஒதுக்காத நிர்வாகம், ஆண்டுதோறும் அதே வினாவைச் சிறிது மாற்றிக் கேட்கும் பரீட்சகர் ஆகியோர், 'மாணவரே, பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று உபதேசிக்கும்போது நாம் ஐயுறுவது நியாயமே. பொறுப்பு என்ற சொல்லைப் பழி என்ற சொல்லுக்குப் பதிலாக வழங்குவது ஆளுவோருக்குப் பழக்கமான தந்திரம். விலைவாசி ஏறினால் மக்கள் சிக்கனமாயிருக்க வேண்டும். கல்வி சீர்கெட்டால் மாணவர் சுயமாகக் கற்க வேண்டும்! முற்போக்கு எண்ணமுடைய நண்பர் பலர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். சமூக அமைப்பு மாறாமல் தனி மாணவனிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது அநீதி என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் முற்பாதியை நான் ஏற்கிறேன், பிற்பாதி ஏற்கத்தக்கதன்று. 'உன்னைச் சூழல் இவ்வாறு ஆக்கிவிட்டது, ஆகவே உன்னிடம் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை' என்று ஒருவனைப் பார்த்துக் கூறுவது இரக்கம் போலத் தோன்றினும், உண்மையில் அவனை ஒரு பொருளாகக் கருதுவதாகும். தொழிலாளி தன் நிலைமையைத் தானே மாற்றவல்லவன் என்று முழங்கும் நாம், தொழிலாளியின் மகன் ஒரு நூலைத் தானே வாசித்து முடிவுக்கு வரவல்லவன் என்பதை நம்பத் தயங்குவது விந்தை.

மேலும் ஒரு கடனை இங்கு நினைத்தல் வேண்டும். 1945ஆம் ஆண்டு சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியாற் கட்டணமில்லாக் கல்வி வந்தது. அக்காலத்திலே அரசின் வருவாயிற் பெரும் பங்கு ஏற்றுமதிப் பயிர்களினின்றே கிடைத்தது. அவற்றுள் முதன்மையானது தேயிலை. தேயிலையைக் கொய்த கைகள் யாருடையவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்கைகளுக்குரியோரின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். தாம் விலைகொடுத்த விருந்திலே கால் நூற்றாண்டுக்கு மேலாக இலையின்றி நின்றவர் அவர்கள். இலவசக் கல்வி என்பது யாரோ ஒருவர் விலைகொடுத்த கல்வி. இவ்வாறு பார்க்கும்போது, தன் கற்றலுக்குப் பொறுப்பேற்றல் தனிமனித முன்னேற்றம் பற்றிய விடயமாக மாத்திரம் இருப்பதில்லை. பிறருழைப்பால் நான்கு ஆண்டுகள் சிந்திப்பதற்கு ஓய்வு பெற்ற ஒருவர், சிந்திக்காமலே அவ்வாண்டுகளைக் கழித்துவிட்டுப் பட்டத்தை மாத்திரம் கொண்டு வருவாராயின், அது கொடுத்தவர்க்குச் செய்யும் வஞ்சனையாகும். கடுமையான சொல்தான், ஆயினும் வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

பொறுப்பேற்றல் என்றால் ஆசிரியரைப் புறக்கணித்தல் என்று சிலர் அஞ்சுகின்றனர். குருபக்தி நிறைந்த நம் மரபுக்கு இது ஒவ்வாது என்கின்றனர். மரபைக் காட்டுவோர் அதைச் சற்று ஊன்றிப் பார்ப்பது நன்று. தமிழ் பயின்றோர் யாவரும் அறிந்த நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பவணந்தி முனிவர் மாணாக்கருக்கும் கற்றலுக்கும் தனித்தனியே இலக்கணம் கூறியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எத்துணை செவ்விதாகக் கேட்டு மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறுதான் என்பது அவர் கணக்கு. இன்னொரு காற்கூறு உடன் பயில்வோரோடு பழகுவதால் வரும். எஞ்சிய பாதியோ, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்கும்போதுதான் கைகூடும். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றிய சமூகத்திலே, ஆசிரியருக்குரிய பங்கு நாலில் ஒன்று என்று துணிந்து வரையறுத்திருக்கிறார்கள்! அதே பாயிரம் மாணாக்கரை அன்னம் முதலாக எட்டுவகையாகப் பாகுபடுத்தும்போது, சொன்னதைச் சொல்லும் கிளிக்கு இடைத்தரமே கொடுத்திருக்கிறது. நமது பரீட்சைகளிலோ கிளிக்கே முதற்பரிசு.

நன்னூற் கணக்கிலே என்னைக் கவர்வது இன்னொன்று. எஞ்சிய முக்காற் பங்கையும் மாணாக்கன் தனித்திருந்து தேடவேண்டும் என்று அது கூறவில்லை. 'சுயகற்றல்' என்று இன்று பேசுவோர் பெரும்பாலும் ஒரு தனியறையையும் அதனுள்ளே தன்னந்தனியான ஒருவரையுமே கற்பனை செய்கின்றனர். நன்னூலார் காட்டுவது கூட்டத்தை: உடன் பயில்வோர், கேட்போர். விளங்காத ஒன்றை விளங்கியதாக நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ள முடியும். ஆனால் எதிரேயிருக்கும் நண்பன் 'அதெப்படி?' என்று ஒரு கேள்வி கேட்ட மாத்திரத்தில் அவ்வேமாற்றம் கலைந்துவிடும்.

இக்கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கன்று என்பதற்கு எமது பல்கலைக்கழக வரலாற்றிலேயே சான்று உண்டு. சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் 1956இலே சிங்கள அரங்கைத் தட்டியெழுப்பிய பின்னர், பேராதனையிலே தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் தமிழர் கூத்தின்பாற் கவனத்தைத் திருப்பினார். அவர் யாழ்ப்பாணத்தவர். மட்டக்களப்பின் வடமோடி ஆட்டத்தையும் தாளக்கட்டையும் உடம்பால் அறிந்திருந்தோர் கிழக்கிலிருந்து வந்த மாணவரும், ஊரிலேயே இருந்த அண்ணாவிமாருமே. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன 1960களிலே பேராதனை மேடையேறியது இவர்கள் கைகோத்ததால். விடிய விடிய ஊர்க் களரியில் ஆடப்படும் கூத்தை ஓரிரு மணி நேர அரங்குக்கு எவ்வாறு சுருக்குவது, எதைக் கைவிடலாம், எதைக் கைவிட்டால் கூத்தின் உயிர் போய்விடும் என்பவற்றுக்கு எந்த விரிவுரைக் குறிப்பிலும் விடை இருக்கவில்லை. அம்மாணவருள் ஒருவராய் ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்திலே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய ஆராய்ச்சியாளராகவும் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கியது யாவரும் அறிந்தது.

இங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்குக. தாம் பிறந்த ஊரிலே பாமரர் ஆட்டம் என்று படித்தவர் ஒதுக்கிய ஒன்றை, அறிவு என்று அம்மாணவர் ஏற்றனர். ஏற்றதனால் அதை ஆசிரியருக்கும் நாட்டுக்கும் விளக்கும் கடமை அவர் தோளில் விழுந்தது. அக்கடமையே அவரைக் கற்பித்தது. ஆசிரியரின் பங்கு இதிற் சிறியதன்று. தனக்குத் தெரியாத ஒன்று தன் மாணவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை வித்தியானந்தனிடம் இருந்தது. பொறுப்பை மாணவர் ஏற்க வேண்டுமாயின், ஆசிரியர் தம்மிடமுள்ள அதிகாரத்திற் சிறிதைக் கீழே வைத்தாக வேண்டும். இதைச் செய்ய விரும்பாத ஆசிரியர், மாணவர் சுயமாகச் சிந்திப்பதில்லையென்று குறைகூறுவதை நிறுத்துவது நல்லது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. புறநானூற்றைப் பற்றிய பல்கலைக்கழகக் கட்டுரைகளை அவ்வப்போது பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. என்னிடம் படித்துச் சென்றவர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். 'வீரயுகம்' என்ற சொல் தவறாது வரும். 'பேராசிரியர் கைலாசபதி கூறுவதுபோல' என்ற தொடரும் வரும். புறநானூற்றிலே எந்தப் பாட்டைப் படித்தாய் என்று கேட்டால் மௌனம். க. கைலாசபதி பேர்மிங்ஹாமிலே ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆராய்ந்து, 1968இலே ஆங்கில நூலாக வெளியிட்ட கருத்து அது. சங்க காலம் பொற்காலம் என்று எல்லோரும் ஒரே குரலிற் பாடிக்கொண்டிருந்தபோது, அப்பாட்டுக்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு வேறு வினாக்களை எழுப்பிய துணிவே அவர் பெருமை. அவருடைய முடிவை மனப்பாடம் செய்து அவருடைய துணிவைக் கைவிட்டவர், அவரைப் பின்பற்றுபவராகார். அவருடைய முடிவு தவறென்று புறநானூற்றுப் பாட்டொன்றைக் காட்டி எழுதும் மாணவியே அவருக்கு நெருங்கியவள். நான் இங்கே முற்போக்காளர் பெயரை வேண்டுமென்றே எடுத்தேன். பழைமைவாதிகளின் வாய்பாட்டை மாத்திரம் வாய்பாடு என்று சொல்வது நமக்கு எளிதாகிவிட்டது.

தான் ஆராயாத ஒன்றைத் தன் முடிவாக எழுதிக் கையொப்பமிடுவது பொய்யா? சட்டப்படி அன்று. ஆனால் அவ்வாறு எழுதிப் பழகிய கை, நாளை ஓர் அலுவலகத்திலே, தான் பாராத காணியைப் பார்த்ததாகவும் விசாரியாத முறைப்பாட்டை விசாரித்ததாகவும் எழுதும்போது நடுங்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டதாரிகளிற் பலர் அரச சேவைக்கே செல்கின்றனர்.

கீழ்ப்படிதலைப் பல்கலைக்கழகம் வகுப்பறையிலே மாத்திரம் பயிற்றுவதில்லை. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே நிறைவேறியது, பகிடிவதை நின்றபாடில்லை. புதிய மாணவர் எதை உடுப்பது, எவரோடு பேசுவது என்பவற்றை மூத்த மாணவர் தீர்மானிக்கின்றனர். விரிவுரையிலே எழுந்து கேள்வி கேட்கும் புதியவர் துடுக்குடையவராகக் கணிக்கப்படுகிறார். இதைச் சமத்துவத்தின் பெயரால் நியாயப்படுத்தும் மாணவர் தலைவர்களும் உளர். முதல் ஆண்டிலே வாயை மூடக் கற்றவர் இறுதியாண்டிலே திடீரென்று சுதந்திரமாகச் சிந்திப்பார் என எதிர்பார்ப்பது பேதைமை. நிர்வாகம் இதைத் தடுக்கவில்லையென்று குறைகூறலாம். ஆனால் இங்கு மாணவர் கையிலிருப்பது மாணவர் கையிலேயே இருக்கிறது. தமது கற்றலுக்குப் பொறுப்பேற்க விரும்பும் மாணவர் எவருடைய அனுமதியுமின்றி நாளையே மாற்றக்கூடிய காரியம் இது.

இனி, எல்லோரும் இன்று பேசும் இயந்திரத்துக்கு வருவோம். கைத்தொலைபேசியிலே வினாவைத் தட்டினால், செயற்கை நுண்ணறிவு கட்டுரையையே எழுதித் தந்துவிடுகிறது. தமிழிலுந் தருகிறது. கல்வி அழிந்தது என்று அலறுவோரின் அச்சத்தை நான் முற்றாகப் பங்குகொள்ளவில்லை. அழிந்தது குறிப்பின் விலை. பிறர் எழுதியதைத் தன் பெயரில் ஒப்படைக்கும் வழக்கம் நிழற்பிரதிக் கடையிலேயே நெடுங்காலமாக இருந்தது. இப்போது அது கடைக்குப் போகும் சிரமத்தைக் குறைத்திருக்கிறது. இயந்திரம் தரும் பக்கத்தை நம்பலாமா என்று தீர்மானிக்க, மூலநூலைப் புரட்டிய ஒருவர் வேண்டும். இல்லாத பாட்டையும் இல்லாத ஆசிரியரையும் அது கூசாமற் காட்டுவதை நானே கண்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க இயலாதவருக்கு முன்னே மெய்யும் பொய்யும் ஒரே எழுத்திலே, ஒரே அழகோடு நிற்கும்.

கலைப்பீடத்துச் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டிலே ஆய்வேடு ஒன்று எழுதவேண்டும். என்ன கேட்பது என்பதை மாணவரே தீர்மானிக்கப் பல்கலைக்கழகம் இடந்தரும் வேளைகளுள் அதுவே பெரியது. அவ்வேளையிலே பலர் செய்வது, 'தலைப்பு ஒன்று தாருங்கள்' என்று ஆசிரியரின் அறை வாயிலில் நிற்பதே. இன்னாரின் நாவல்களிற் பெண் பாத்திரங்கள், இன்னாரின் சிறுகதைகளிற் சமூக நோக்கு என்று தலைப்புக்கள் கிடைக்கின்றன, ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன, கட்டி அடுக்கவும் படுகின்றன. தோட்டத்து லயத்திலே தன் பாட்டி பாடிய ஒப்பாரிகளை முழுமையாக அறிந்த மாணவிக்கு அவை அறிவு என்று எவரும் சொன்னதில்லை. பாசையூரின் மீனவக் குடும்பத்திலிருந்து வந்த மாணவன் அகநானூற்று நெய்தலுக்கு உரை எழுதுகிறான். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்களைப் பிரித்து, எந்தக் காற்றுக்கு எந்த வலையை எடுப்பது, எந்த மாதத்திலே எந்த மீன் கரைக்கு அணித்தாக வரும் என்று சொல்லும் தன் பேரனிடம் அவன் ஒரு நாளும் பென்சிலோடு போய் இருந்ததில்லை. அச்சொற்களிற் பல அகராதியிலில்லை. அவற்றை அறிந்தவருட் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.